நகரின் வெம்மையும் வெப்பமானியின் சாட்சியும்

வெப்பமானி பொய் சொல்லாது என்பது பொதுவான நம்பிக்கை. குழாயினுள் ஏறி இறங்கும் பாதரசத்துக்கு ஓரவஞ்சனை கிடையாது. இந்நாளில் அதன் இடத்தைப் பிடித்து வரும் மின்கருவிக்கும் கிடையாது. ஆயினும் எந்த வெப்பமானியும் தான் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்ல வல்லது. காற்று அடங்கி வானம் தெளிந்த ஓர் இரவிலே, பெருநகரொன்றின் நடுவீதியில் ஒரு வெப்பமானியையும், அந்நகருக்கு வெளியே உள்ள புல்வெளியில் மற்றொன்றையும் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே எண்ணைக் காட்டமாட்டா. நகரில் உள்ளது ஐந்தாறு பாகை கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. வானம் ஒன்று, நாள் ஒன்று, நாழிகையும் ஒன்று. அவ்வாறிருக்க, வேறுபாடு எங்கிருந்து வந்தது? இரண்டினுள் எதை நம்புவது?

இவ்விரு வினாக்களும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக அறிஞரின் சிந்தனையில் இருந்து வருபவை. உலகின் வெப்பநிலை உயர்ந்து செல்கின்றது என்ற செய்தி வரும்போதெல்லாம், "அளவுகருவிகள் நகரங்களில் அல்லவா நிற்கின்றன? உயர்ந்தது உலகத்தின் வெப்பமா, நகரத்தின் வெப்பமா?" என்ற ஐயமும் கூடவே எழுகின்றது. ஐயம் நியாயமானதே. அதற்கு விடை காணுமுன், நகரம் எவ்வாறு தனக்கென ஒரு காலநிலையை ஆக்கிக்கொள்கின்றது என்பதை அறிதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சியின் ஊற்று இலண்டன் மாநகரிலே தோன்றியது. அங்கு 1772 ஆம் ஆண்டிற் பிறந்தவர் லூக் ஹவார்ட் என்பவர். மருந்துச் சரக்குகளைத் தயாரித்தல் அவருடைய தொழில். வானத்தை அவதானித்தல் அவருடைய வேட்கை. கீற்று முகில், திரள் முகில், படை முகில் என இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்திருக்கும் பாகுபாட்டை 1802 ஆம் ஆண்டில் ஒரு சிறு அறிஞர் சபையின் முன் எடுத்துரைத்தவர் அவரே. அவ்வுரையினால் அவர் அடைந்த புகழ் பெரிது. ஜெர்மானிய மகாகவி கோதே அவரைப் போற்றிக் கவிதையும் இயற்றினார். ஆனால் ஹவார்ட் செய்த மற்றொரு பணி அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அதுவே ஈண்டு கருதத்தக்கது.

அக்காலத்து இலண்டன் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகர். வீடுதோறும் நிலக்கரி எரிந்தது. புகைபோக்கிகளின் கரும்புகை நகரின்மேற் கவிந்து நின்றது. ஹவார்ட் நகருக்கு வெளியே பிளெய்ஸ்ரோ, தொட்டனம் முதலிய ஊர்களில் வாழ்ந்து, நாள்தோறும் வெப்பநிலையைக் குறித்து வந்தார். நகரின் நடுவே, சமர்செற் மாளிகையில் இருந்த அரச கழகத்தின் வெப்பமானிக் குறிப்புகளும் அவருக்குக் கிடைத்தன. இரண்டையும் பல ஆண்டுகளாக ஒப்பிட்டு, "இலண்டனின் காலநிலை" என்னும் நூலை 1818 முதல் 1820 வரையான காலத்தில் இரு பாகங்களாக வெளியிட்டார். விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1833 இல் மூன்று பாகங்களாக வந்தது.

அவர் கண்ட முடிவு வியப்பானது. இரவு வேளையில் நகரம் நாட்டுப்புறத்தினும் சராசரியாக 3.70 பாகை பரனைற்று வெம்மையாக இருந்தது. சதம அளவையிற் சொல்வதாயின் 2 பாகைக்குச் சற்று மேல். பகல் வேளையிலோ நகரம் நாட்டுப்புறத்தைவிட 0.34 பாகை பரனைற்று குளிர்ந்தே காணப்பட்டது. நகரம் வெப்பமானது என்று பொதுவாகச் சொல்லிவிடுதல் எளிது. ஆனால் ஹவார்டின் எண்கள் அதனினும் நுட்பமான ஒன்றைக் கூறின: நகரின் வெம்மை முதன்மையாக இரவின் வெம்மை. இவ்வொரு குறிப்பை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

காரணம் யாதென ஹவார்ட் ஆராய்ந்தார். எண்ணற்ற அடுப்புகளும் தொழிற்சாலை உலைகளும் வெளிவிடும் வெப்பத்தை அவர் முதலிற் கருதினார். அத்துடன் நில்லாது, எதிரெதிராக நிற்கும் சுவர்கள் வெப்பத்தை ஒன்றின்மேல் ஒன்று வீசிக்கொள்வதையும், நெருங்கிய கட்டடங்கள் காற்றைத் தடுப்பதையும், ஈரமற்ற கற்றளத்தில் ஆவியாவதற்கு நீர் இல்லாமையையும் கண்டு குறித்தார். பிற்காலத்தார் நுண்ணிய கருவிகளும் கணக்கும் கொண்டு நிறுவிய காரணங்கள் பெரும்பாலும் இவையே. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, கட்டடப் பொருளின் இயல்பு. கல், செங்கல், கொங்கிறீற்று, தார் ஆகியவை பகல் முழுவதும் வெயிலை வாங்கி உள்ளே சேமிக்கின்றன. சூரியன் மறைந்த பின் அச்சேமிப்பைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. கிடுகினால் வேய்ந்த கூரை வெயில் தாழ்ந்ததும் விரைவில் ஆறிவிடும். கொங்கிறீற்றுத் தட்டின் கீழ் உறங்குவோருக்கோ நள்ளிரவு கடந்தும் மேலிருந்து வெக்கை இறங்குவது தெரியும். ஒரு கூரைக்கு உண்மையானது ஓராயிரம் கூரைகளுக்கும் உண்மை. நகரம் என்பது பகலில் மூட்டப்பட்டு இரவில் எரியும் ஒரு பெரிய சூளை போன்றது.

இரண்டாவது, நீரின்மை. நீர் ஆவியாகும்போது சூழலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கின்றது. இதனை மறைவெப்பம் என்பர். ஒரு லீற்றர் நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம், ஆயிரம் வாற்று மின்னடுப்பு ஒன்று ஏறத்தாழ 40 நிமிடம் எரிந்து தரும் வெப்பத்துக்குச் சமம். மண்ணும் புல்லும் மரமும் உள்ள இடத்தில் வெயிலின் பெரும்பங்கு இவ்வாறு நீரை ஆவியாக்குவதிற் செலவாகிவிடுகின்றது. காற்றைச் சூடாக்க எஞ்சுவது குறைவு. நகரிலோ மழை பெய்த சற்று நேரத்தில் நீர் வடிகாலுக்கு ஓடிவிடுகின்றது. மறுநாள் வரும் வெயிலுக்கு ஆவியாக்க நீர் இல்லை. ஆதலின் அது சுவரையும் வீதியையும் காற்றையும் சூடாக்குகின்றது.

மூன்றாவது, வீதியின் வடிவம். இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிராக வீசியே குளிர்கின்றது. வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு வானம் முழுவதும் தெரியும். உயர்ந்த மாடிகளின் இடையே உள்ள ஒடுங்கிய வீதியில் நிற்பவருக்கோ தலைக்கு மேல் ஒரு கீற்று வானமே தெரியும். மனிதன் காணும் அவ்வளவு வானத்தையே வீதியும் காண்கின்றது. வீதி வீசும் வெப்பம் எதிர்ச்சுவரிற் பட்டு, அச்சுவர் வீசும் வெப்பம் வீதியிற் பட்டு, இரண்டும் வெளியேற வழியின்றித் திரும்பத் திரும்ப அங்கேயே உலவுகின்றன. தெரியும் வானத்தின் அளவு குறையக் குறைய நகரின் இரவு வெம்மை கூடுகின்றது என்பதைக் கனடா நாட்டுக் காலநிலை அறிஞர் ரிமோதி ஓக் பல நகரங்களை ஒப்பிட்டுக் காட்டியுள்ளார்.

நான்காவது, காற்றின் தளர்வு. நெருங்கிய கட்டடங்கள் காற்றின் வேகத்தைத் தடுத்துச் சூடான வளியை அகற்றாது வைத்திருக்கின்றன. ஐந்தாவது, மக்கள் நேரடியாக வெளிவிடும் வெப்பம். ஹவார்டின் காலத்தில் அது நிலக்கரியின் வெப்பம். இன்று மோட்டார் வண்டிகளின் வெப்பமும், யந்திரங்களின் வெப்பமும், வளிச்சீராக்கிகளின் வெப்பமுமாகும். வளிச்சீராக்கி வெப்பத்தை அழிப்பதில்லை. அறையினுள் இருந்ததை வீதிக்கு மாற்றுகின்றது. அவ்வாறு மாற்றுதற்குச் செலவழித்த மின்சாரமும் வெப்பமாகி அதனுடன் சேர்கின்றது. உள்ளே இருப்பவர் பெறும் குளிர்ச்சிக்கு வெளியே நடப்பவர் விலை கொடுக்கின்றார்.

பகலில் இலண்டன் சற்றுக் குளிர்ந்திருந்தமைக்கும் இப்போது விளக்கம் காணலாம். அடர்ந்த சுவர்கள் தம் பருமனாற் காலை வெயிலை மெதுவாகவே ஏற்கின்றன; ஒடுங்கிய வீதிகளில் நிழல் மிகுதி; அக்காலப் புகைத்திரையும் வெயிலில் ஒரு பங்கைத் தடுத்திருத்தல் கூடும். 1952 டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த கொடிய புகைமூட்டத்தின் பின், 1956 இல் தூய வளிச் சட்டம் நிறைவேறியது. காலப்போக்கிற் புகை நீங்கிற்று. வெம்மை நீங்கவில்லை.

புகை முற்றாக நீங்குமுன்னரே அவ்வெம்மையை அளந்து படமாக வரைந்தவர் ரோனி சாண்ட்லர் என்னும் புவியியலறிஞர். மோட்டார் வண்டியில் வெப்பமானிகளைப் பொருத்தி, இரவிலே நகரின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குச் சென்று அளக்கும் முறை அதற்கு முன்பே, 1927 இல், வியன்னா நகரிற் கையாளப்பட்டிருந்தது. சாண்ட்லர் இம்முறையோடு பல நிலையங்களின் குறிப்புகளையும் சேர்த்து ஆராய்ந்தார். 1959 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் திகதிக்குரிய அவருடைய படம் பல பாடநூல்களில் இடம்பெற்றது. அன்றிரவு நகரின் நடுவே வெப்பநிலை சுமார் 11 பாகைக்குக் கீழ் இறங்கவில்லை. நகரின் ஓரத்துக்கு அப்பால் அது சுமார் 4 பாகை வரை இறங்கிற்று. சம வெப்பக் கோடுகள் கட்டடங்கள் முடியும் எல்லையை ஒட்டி நெருங்கி நின்றன. கடலின் நடுவே தீவு உயர்ந்து நிற்பதுபோல், குளிர்ந்த நாட்டுப்புறத்தின் நடுவே வெம்மை உயர்ந்து நின்றது. "நகர வெப்பத் தீவு" என இன்று வழங்கும் பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பதை அப்படம் ஒன்றே காட்டும். சாண்ட்லர் 1965 இல் வெளியிட்ட நூலுக்கு, ஹவார்ட் தம் நூலுக்கு இட்ட பெயரையே இட்டார்.

நகரின் வெம்மை பற்றிய கதை இது. வெப்பமானியின் கதை வேறு. வெப்பமானியை வெயிலில் தொங்கவிட்டால் அது காற்றின் வெப்பத்தைக் காட்டாது. தன்மேற் பட்ட வெயிலின் விளைவையே காட்டும். சுவரருகே வைத்தால் சுவரின் வெப்பத்தைக் காட்டும். இத்தடுமாற்றத்தைத் தீர்த்தற்கு 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த பொறியியலாளர் தோமஸ் ஸ்டீவன்சன் ஒரு பெட்டியை அமைத்தார். கலங்கரை விளக்கங்களைக் கட்டுவதில் வல்லவர் அவர். "புதையல் தீவு" எழுதிய நாவலாசிரியர் ரொபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தையார். வெள்ளை பூசி, நாற்புறமும் சாய்பலகைகளை இரட்டையாகப் பொருத்திய அப்பெட்டியினுள் வெயில் நுழையாது, காற்று நுழையும். இன்றும் பல நாடுகளின் வானிலை நிலையங்களில், புற்றரைமீது, ஆளின் நெஞ்சளவு உயரத்தில் நிற்கும் வெள்ளைப் பெட்டி இதன் வழிவந்ததே.

பெட்டி ஒரே மாதிரியாயினும் அது நிற்கும் இடம் ஒரே மாதிரியாக இருப்பதில்லை. ஊருக்கு வெளியே வயல் நடுவில் அமைத்த நிலையத்தை ஐம்பது ஆண்டுகளில் ஊர் வளர்ந்து சூழ்ந்துகொள்ளலாம். அல்லது நிலையமே வேறிடத்துக்கு மாற்றப்படலாம். இடமாற்றம் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு யப்பான் நாட்டின் தலைநகர் டோக்கியோ நல்ல சான்று. அந்நகரின் வெப்பநிலை ஒரு நூற்றாண்டில் ஏறத்தாழ 3 பாகை உயர்ந்தது. சிறு நகரங்களில் ஏற்பட்ட உயர்வைவிட இது மிக அதிகம். 2014 டிசம்பரில் அதன் வானிலை நிலையம், அலுவலகக் கட்டடங்கள் சூழ்ந்த ஓற்றேமாச்சியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்திலுள்ள கித்தனொமாறு பூங்காவுக்கு மாற்றப்பட்டது. மாற்றுமுன் இரு இடங்களிலும் ஒருங்கே அளந்து ஒப்பிட்டனர். பூங்காவில் ஆண்டுச் சராசரி சுமார் 0.9 பாகை குறைவு. பகலின் உச்ச வெப்பநிலை சுமார் 0.2 பாகையே குறைந்தது. இரவின் தாழ்ந்த வெப்பநிலையோ சுமார் 1.4 பாகை குறைந்தது. ஹவார்ட் இலண்டனில் வாசித்த பாடத்தையே டோக்கியோவின் வெப்பமானிகளும் ஒப்புவித்தன.

இடமாற்றம் நிகழ்ந்ததை அறியாத ஒருவர் டோக்கியோவின் குறிப்பேட்டைப் பார்த்தால், அந்நகரம் 2014 இல் திடீரெனக் குளிர்ந்துவிட்டதென முடிவு கட்டக்கூடும். நகரம் வளர்ந்ததை அறியாத ஒருவர் அதற்கு முந்திய ஏட்டைப் பார்த்தால், உலகம் முழுவதும் 3 பாகை சூடாகிவிட்டதென முடிவு கட்டக்கூடும். இரண்டும் பிழை. ஆதலின் முன்னே எழுந்த ஐயம் வெறும் வாதமன்று. அறிவியல் விடை சொல்லியே ஆகவேண்டிய ஐயம்.

விடை பல வழிகளிற் கிடைத்துள்ளது. முதல் வழி, அயலவரின் சாட்சியைக் கேட்பது. ஒரு நிலையத்தின் ஏட்டைச் சுற்றியுள்ள நாட்டுப்புற நிலையங்களின் ஏடுகளோடு ஒப்பிட்டால், இடமாற்றத்தால் வந்த திடீர் முறிவும் நகர வளர்ச்சியால் வந்த மெல்லிய ஏற்றமும் வெளிப்பட்டுவிடும். அவற்றைக் கணித்துத் திருத்தலாம். இங்கிலாந்தின் மத்திய பகுதிக்கு 1659 ஆம் ஆண்டு முதலான மாத வெப்பநிலைகளைத் தொகுத்தவர் கோடன் மான்லி என்னும் அறிஞர். உலகில் வெப்பமானி கொண்டு அளந்த தொடர்களுள் மிக நீண்டது அதுவே. 1958 ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் நகர வெப்பத் தீவு என்னும் தொடரைக் கையாண்டவரும் அவரே. அவர் தொகுத்த வரிசைக்கு 1974 முதலாகச் சேர்க்கப்படும் எண்களிலிருந்து, நகர வெம்மைக்கென ஒரு சிறு தொகையை அந்நாட்டு வானிலைப் பணிமனை கழித்தே வருகின்றது.

இரண்டாம் வழி, காற்றையே நடுவராக வைப்பது. நகர வெம்மை அமைதியான இரவில் ஓங்கி நிற்கும். காற்று வீசும் இரவில் கலைந்துவிடும். உலக வெப்பநிலையின் உயர்வு நகரங்களால் வந்த மாயமாயின், அமைதியான இரவுகளில் அவ்வுயர்வு மிகுந்தும் காற்றுள்ள இரவுகளில் குறைந்தும் தோன்றவேண்டும். பிரித்தானிய வானிலைப் பணிமனையைச் சேர்ந்த டேவிட் பாக்கர் உலகெங்குமுள்ள நிலையங்களின் குறிப்புகளை இவ்வாறு இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். இருவகை இரவுகளிலும் உயர்வு ஒரே அளவாகவே இருந்தது. 2004 இல் வெளிவந்த இம்முடிவு, எளிமையாலும் தெளிவாலும் பலரின் ஐயத்தைப் போக்கியது.

மூன்றாம் வழி, நகரமே இல்லாத இடங்களை நோக்குவது. பூமியின் மேற்பரப்பில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேற்பட்டது கடல். அங்கே வீதியில்லை, மாடியில்லை. ஆயினும் கடலின் வெப்பநிலை உயர்ந்துள்ளது. மலைப் பனிக்கட்டியாறுகள் எந்த நகரத்தையும் அறியா; அவையும் உருகிச் சுருங்குகின்றன. 2013 ஆம் ஆண்டில், காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு யாவற்றையும் நிறுத்துப் பார்த்து, நிலப்பகுதியிற் காணப்பட்ட உயர்வில் நகர விளைவின் பங்கு பத்தில் ஒன்றை விஞ்சியிருத்தல் அரிது என மதிப்பிட்டது. 2021 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை, 1850 முதல் 1900 வரையான காலத்தைவிட ஏறத்தாழ 1.1 பாகை கூடுதலாக இருந்தது. இவ்வுயர்வு நகரங்களின் நிழலன்று.

இங்கிலாந்தின் வரலாற்றில் முதன்முறையாக 40 பாகையைக் கடந்த வெப்பம் 2022 யூலை 19 ஆம் திகதி பதிவாயிற்று. அன்று இலண்டனிலும் 40 பாகைக்கு மேல் அளக்கப்பட்டது. ஆனால் உச்சமான 40.3 பாகை பதிவானது, மாநகருக்குத் தொலைவிலே, லிங்கன்சயரின் கொனிங்ஸ்பி என்னும் சிற்றூரிலாகும். பகலின் பெருவெப்பத்துக்கு நகர எல்லை ஒரு பொருட்டன்று. பொழுது சாய்ந்த பின்னரே நகரவாசிக்கும் கிராமவாசிக்கும் உரிய பங்கு வேறாகின்றது. கிராமத்தான் ஆறுதல் பெறுகின்றான். நகரத்தான் பகலின் வெக்கையை இரவிலும் சுமக்கின்றான்.

அச்சுமை உயிரைக் கேட்கும் சுமையாகவும் ஆகலாம் என்பதை 2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பாரிஸ் நகரம் கண்டது. ஐரோப்பாவின் மீது வெப்ப அலை நாட்கணக்காக நிலைத்து நின்றது. ஆகஸ்ட் 11 ஆம், 12 ஆம் திகதிகளில் பாரிஸ் நிலையத்தில் அளந்த மிகத் தாழ்ந்த வெப்பநிலையே 25.5 பாகை. இலங்கை நேயர்களுக்கு இது பெரிய வெப்பமாகத் தோன்றாது. ஆனால் அந்நகரின் வீடுகள் குளிரைத் தடுப்பதற்கென அமைந்தவை. துத்தநாகத் தகட்டுக் கூரையின் கீழுள்ள சிறு மாடியறைகளில் முதியோர் பலர் தனியே வாழ்ந்தனர். விடுமுறை மாதமாதலின் உற்றாரும் அயலாரும் ஊரை விட்டுச் சென்றிருந்தனர். பகலில் வெந்த உடல் இரவில் ஆறினால் மறுநாளைத் தாங்கும். ஆறாவிடின் நாளுக்கு நாள் தளரும். அம்மாத முற்பகுதியில் பிரான்ஸ் நாடு முழுவதும் வழக்கத்துக்கு மேலதிகமாக இறந்தோர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுட் பெரும்பாலோர் முதியோர்.

இவ்விடத்து ஒன்று கவனிக்கற்பாலது. 25.5 பாகை எனக் காட்டிய பாரிஸ் வெப்பமானி நின்றது மொன்சூரி என்னும் பூங்காவிலே. விதிப்படி அது புற்றரையில், திறந்த வெளியில், காற்றோட்டமான பெட்டியினுள் நின்றது. அவ்வாறு நிற்பதே முறை. இல்லாவிடின் ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டுடனும் ஒரு நாட்டை மற்றொரு நாட்டுடனும் ஒப்பிட இயலாது. ஆனால் ஆறாம் மாடியில், கூரைத் தகட்டின் கீழ், சாளரம் ஒன்றே உள்ள அறையிற் கிடந்த முதியவள் சுவாசித்தது அந்தப் பூங்காவின் காற்றையன்று. பூமியின் உடல்நிலையை அறிவதற்கு வேண்டிய வெப்பமானி நகரின் தாக்கத்தினின்றும் விலகி நிற்கவேண்டும். மனிதரின் இடரை அறிவதற்கு வேண்டிய வெப்பமானியோ அவர்கள் வாழும் வீதியிலும் அறையிலும் நிற்கவேண்டும். முன்னதற்குப் பிழையாக இருப்பதே பின்னதற்கு உண்மையாகின்றது. இரண்டினுள் எதை நம்புவது என்ற வினாவுக்கு விடை இதுவே: இரண்டையும் நம்பலாம், எது எதற்குச் சாட்சி என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நகர வெம்மையில் ஆறுதலான செய்தியும் ஒன்றுண்டு. உலகின் வெப்பநிலையைக் குறைத்தற்கு உலக நாடுகள் யாவும் ஒருங்கு முயலவேண்டும். நகரின் வெம்மையையோ அந்நகரத்தாரே குறைத்துக்கொள்ள முடியும். அவர்கள் கட்டியதால் வந்தது, கட்டும் முறையால் தணியும். ஜெர்மனியின் ஸ்ருட்காட் நகரம் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. அங்கே காற்று இயல்பாகவே மந்தம். 1938 ஆம் ஆண்டிலேயே அந்நகராட்சி ஒரு வானிலை அறிஞரைப் பணிக்கு அமர்த்தியது. இரவிலே குன்றுச் சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று எவ்வழியாக இறங்குகின்றது என்பதைப் படமாக வரைந்து, அவ்வழிகளை அடைக்கும் கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் வழக்கம் அங்கே நிலைபெற்றது. காற்றுக்கென்று நிலம் ஒதுக்கிய நகரம் அது.

கூரைக்கு வெள்ளை பூசினால் வெயிலின் பெரும்பங்கு திரும்பிச் செல்லும். வீதியோர மரம் நிழலும் தந்து, வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக்கிக் குளிர்ச்சியும் தரும். நீர் போதிய அளவு கிடைக்குமாயின், பெரிய மரமொன்று ஒரு நாளில் நூறு லீற்றர் வரையும் அதற்கு மேலும் ஆவியாக்க வல்லது. நீர்நிலையும் சதுப்பும் பகல் வெப்பத்தைத் தாமே விழுங்கிக்கொள்ளும். ஈரப்பதன் மிகுந்த கடலோர நகரங்களிலே ஆவியாதல் வறண்ட நாட்டிற்போல் விரைந்து நிகழாதாகையால், அங்கே நிழலுக்கும் காற்றோட்டத்துக்கும் மதிப்பு மிகுதி. கடற்காற்று உள்ளே வரும் வழியை நெடுமாடிகளின் வரிசை அடைத்துவிட்டால், கரையில் உள்ளவர் பெறும் காற்றைப் பின்னால் உள்ளவர் இழப்பர்.

கொழும்பு மாநகருக்கும் இவ்விதிகள் பொருந்தும். 2018 ஆம் ஆண்டில், றம்சார் உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்னும் அங்கீகாரத்தைப் பெற்ற நகரங்களுள் கொழும்பும் ஒன்று. கோட்டையையும் கொலன்னாவையையும் சூழ்ந்த சதுப்பு நிலங்கள் வெள்ளத்தை ஏற்கும் தாழ்நிலங்கள் என்றே பலரால் மதிக்கப்படுகின்றன. நிரப்பி வீடு கட்டத்தக்க வெற்றுநிலம் என மதிப்போரும் உளர். அவை நகரின் வெக்கையைத் தணிக்கும் பொருள் என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். நிரப்பப்படும் ஒவ்வொரு சதுப்பும், தறிக்கப்படும் ஒவ்வொரு நிழல் மரமும் அயலில் உள்ளோரின் இரவுகளிற் சிறிது வெம்மையைக் கூட்டும். அவ்வெம்மை யாவரையும் ஒரேயளவு தாக்குவதில்லை. வளிச்சீராக்கி உள்ள வீட்டினர் கதவை மூடிக்கொள்வர். தகரக் கூரையின் கீழ் நெருங்கி வாழ்பவருக்கு மூடிக்கொள்ளவும் வழியில்லை.

உலகம் சூடாகின்றது என்பதும் நகரம் தன்னளவில் மேலும் சூடாகின்றது என்பதும் ஒன்றையொன்று மறுக்கும் செய்திகளல்ல. முதலாவதன்மேல் இரண்டாவது ஏறி நிற்கின்றது; நகரவாசி சுமப்பது இரண்டின் கூட்டுத்தொகையை. இலண்டன் புகையின் நடுவே இரண்டு வெப்பமானிகளின் எண்களைப் பொறுமையோடு எழுதி வைத்த ஒரு மருந்துத் தயாரிப்பாளரின் முயற்சியால் இப்பிரிவினை முதன்முதல் தெளிவாயிற்று. அவர் காட்டிய வழி எளிது: எண்ணைப் படிப்பதற்கு முன், அந்த எண் எங்கே நின்று எடுக்கப்பட்டது எனக் கேட்டல். அவ்வாறு கேட்கும் பழக்கம் பரவுமாயின், வெப்பமானியின் சாட்சி வீண்போகாது. கோடை இரவிலே உறக்கமின்றித் தவிப்போரின் துன்பமும் கணக்கில் வராமற் போகாது.